ஆட்டிசம் உள்ள குழந்தையின் தூக்கமும் மெலடோனினும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் தூக்கத்துக்கு வந்துவிடுகிறது. அப்படித் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கீழே அளவுகள் வருவதைப் பார்த்து யாரும் தாங்களாகவே மருந்தைத் தொடங்கிவிட வேண்டாம். மருத்துவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

மெலடோனின்னா என்ன? தூக்க மாத்திரைதானே?

வழக்கமான தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்தது இல்லை. மூளையின் நடுப்பகுதியில் உள்ள பினியல் என்ற சிறிய சுரப்பி இருட்டத் தொடங்கியதும் சுரக்கும் ஹார்மோன் இது. 1958-இல் ஏரன் லெர்னர் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே இரத்தத்தில் இதன் அளவு ஏற ஆரம்பிக்கும். நள்ளிரவு தாண்டி உச்சத்தில் இருக்கும், விடியும்போது இறங்கிவிடும்.

இதன் வேலையைப் பள்ளிக்கூட மணியோடு ஒப்பிடலாம். வகுப்பு தொடங்கும் நேரத்தை மணி சொல்லும், ஆனால் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்காது. மெலடோனினும் ‘இரவு வந்துவிட்டது’ என்று உடம்புக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கின்றன.

ஆட்டிசம் இருக்கிற குழந்தைகளுக்கு மட்டும் ஏன் தூக்கம் இவ்வளவு பாடு?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல், சில கணக்குகளின்படி 80 சதவீதம் வரை, ஏதோ ஒரு தூக்கச் சிக்கல் இருக்கிறது. ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. சில குழந்தைகளுக்கு மெலடோனின் சுரப்பு குறைவாகவோ நேரம் தப்பியோ இருப்பதை ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அதோடு சேர்ந்து, பக்கத்து அறைச் சத்தம், போர்வையின் உரசல், சட்டையின் பின்பக்கத் துணிச்சீட்டு என்று நமக்குப் படாத சின்ன விஷயங்கள் எல்லாம் அவர்களை விழிக்க வைக்கும். பதற்றம் இருக்கும். ஒரு செயலை விட்டு அடுத்ததற்கு மாறுவதே சிரமமாக இருக்கும், விழிப்பிலிருந்து தூக்கத்துக்குப் போவதும் அப்படி ஒரு மாற்றம்தான்.

ஆகவே ‘நான் சரியாக வளர்க்கவில்லை, அதனால்தான் தூங்குவதில்லை’ என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதைச் சொல்லி அழுத அம்மாக்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பையன் ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் தூங்க மாட்டேன் என்கிறான். நேரடியாக மெலடோனின் ஆரம்பித்துவிடலாமா?

முதலில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க நரம்பியல் அகாதமி 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது: தூக்கத்தைக் கெடுக்கும் உடல்நலச் சிக்கல்களையும் மருந்துகளையும் கவனி, படுக்கைப் பழக்கங்களைச் சீராக்கு, அதற்கும் சரிவராவிட்டால் மெலடோனின்.

பேச்சு வராத குழந்தையால் ‘வலிக்கிறது’ என்று சொல்ல முடியாது. தூங்காமல் இருப்பதுதான் அவன் சொல்லும் விதமாக இருக்கலாம். மலச்சிக்கல், நெஞ்சு எரிச்சல், சொத்தைப் பல், காது வலி, தோல் அரிப்பு எல்லாம் இரவில்தான் பெரிதாகும். குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கி, தலை நனைய வியர்த்துத் தூங்குகிறான் என்றால் டான்சில், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை ஆகியவற்றின் வீக்கத்தால் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படுத்ததும் காலை உதைத்துக்கொண்டே, தேய்த்துக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருப்பது உண்டு, அதனால் ஃபெரிட்டின் சோதனையைத் தனியாகக் கேளுங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்காக (ஏடிஎச்டி) கொடுக்கும் சில மருந்துகள் பிற்பகலில் தாமதமாகப் போனாலும் தூக்கம் தள்ளிப்போகும். இவற்றில் ஒன்று இருந்து, அதைக் கவனிக்காமல் மெலடோனின் கொடுத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்ற முடிவுக்குத்தான் வருவோம்.

விளக்கு அணைப்பது, மொபைல் இல்லாமல் இருப்பது எல்லாம் செய்து பார்த்தாச்சு. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அவனைப் படுக்க வைப்பது எத்தனை மணிக்கு, உண்மையில் தூங்குவது எத்தனை மணிக்கு? பெரும்பாலும் ‘எட்டரைக்குப் படுக்க வைப்போம், பதினொன்றுக்குத் தூங்குவான்’ என்று பதில் வரும். இடையில் உள்ள இரண்டரை மணி நேரமும் குதிப்பது, அழுவது, தண்ணீர் கேட்பது, அதட்டுவது. படுக்கை என்றாலே தூங்காமல் இருக்கும் இடம் என்று அந்தக் குழந்தையின் மனதில் பதிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு முறை உண்டு. சில நாட்களுக்கு அவன் உண்மையில் தூங்கும் நேரத்துக்கே, அதாவது பதினொன்றுக்கே, படுக்க அனுப்புங்கள். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்றக் கூடாது, விடுமுறை நாளிலும் கூடாது. படுத்துப் பதினைந்து இருபது நிமிடத்தில் தூங்குவது சில இரவுகள் தொடர்ந்து நடந்தால், படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். அது நிலைத்த பிறகு இன்னொரு கால் மணி. மெதுவாகத்தான் நகரும், ஆனால் நகரும். பொறுமை கேட்கும் வேலை இது. இருந்தாலும் நான் பார்த்தவரை, மற்ற யோசனைகளைவிட இது கைகொடுத்த வீடுகள்தான் அதிகம்.

கூடவே, பல் தேய்ப்பது, உடை மாற்றுவது, கதை, விளக்கு அணைப்பது என்று நாலைந்து படங்களை வரிசையாக ஒட்டி வையுங்கள். வாயால் சொல்வதைவிடப் படத்தைப் பார்ப்பது இந்தக் குழந்தைகளுக்கு எளிது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பதற்றம் இறங்கும். விளக்கு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: சாயங்கால வெளிச்சம் பெரியவர்களைவிடச் சிறுவர்களின் மெலடோனினை அதிகமாக அடக்குகிறது. கடைசி ஒரு மணி நேரம் திரை மட்டும் அணைந்தால் போதாது, கூடத்து வெள்ளை விளக்கும் மங்க வேண்டும்.

கொடுத்தால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்? ராத்திரி முழுக்கத் தூங்குவாளா?

எதிர்பார்ப்பை முதலிலேயே சரியான அளவில் வைத்துக்கொள்வது நல்லது. நரம்பு வளர்ச்சிக் குறைபாடுள்ள 146 குழந்தைகளிடம் பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வு 2012-இல் வெளியானது. பெற்றோர் எழுதிய தூக்கக் குறிப்புகளின்படி, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மெலடோனின் சாப்பிட்டவர்கள் சுமார் 38 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். மொத்தத் தூக்கமோ சுமார் 22 நிமிடம்தான் கூடியது, காரணம் அவர்கள் காலையில் சீக்கிரமாகவே எழுந்துவிட்டார்கள். தூங்கத் தொடங்குவதில்தான் இந்த மருந்தின் பலம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

மருந்து மெதுவாகக் கரைந்து இரவு முழுக்க வெளிவரும் வகையை 125 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. பெரும்பாலோர் ஆட்டிசம் உள்ளவர்கள். 13 வாரத்தில் தூக்கம் சராசரியாக 57 நிமிடம் கூடியது, வெற்று மாத்திரைக் குழுவில் 9 நிமிடம்தான் கூடியது. இவை சராசரிகள். உங்கள் குழந்தைக்கு இதைவிட நன்றாகவும் அமையலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

எவ்வளவு கொடுப்பார்கள், எத்தனை மணிக்கு?

மேலே சொன்ன 2020 வழிகாட்டுதலின்படி 1 முதல் 3 மி.கி. வரையில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் மெல்ல ஏற்றலாம், 10 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பது வழக்கம். வயதை மட்டும் வைத்து அளவைத் தீர்மானிக்க முடியாது. சின்னக் குழந்தைக்கு 3 மி.கி. தேவைப்படலாம், பெரிய பையனுக்கு 1 மி.கி. போதுமானதாக இருக்கலாம். கொடுத்த பிறகு பளிச்சென்று ஒளிரும் டேப்லெட் திரையைக் கையில் கொடுத்தால் மருந்து ஒரு பக்கம் இழுக்க, வெளிச்சம் மறு பக்கம் இழுக்கும்.

ஒரு டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்கே கொடுக்கச் சொன்னார், அதுவும் அரை மில்லிகிராம். தப்பாகச் சொல்லிவிட்டாரோ?

தப்பில்லை. மெலடோனினை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். படுப்பதற்குச் சற்று முன்பு கொடுத்துக் கண்ணயர வைப்பது ஒன்று. உடம்பின் கடிகாரமே பின்தங்கி, நடுநிசியைத்தான் தன் மாலை நேரம் என்று அது நினைத்துக்கொண்டிருந்தால், சிறிய அளவைச் சில மணி நேரம் முன்பாகவே கொடுத்து அந்தக் கடிகாரத்தை முன்னே நகர்த்துவது இன்னொன்று. இரண்டாவது முறையில் அளவைவிட நேரம்தான் முக்கியம். எதற்காக இந்த நேரம் என்று அவரிடமே கேளுங்கள், விளக்குவார்.

மாத்திரை விழுங்கவே மாட்டான். பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கலாமா?

எந்த வகை மாத்திரை என்பதைப் பொறுத்தது. உடனே கரையும் வகையாக இருந்தால் பெரும்பாலும் பொடிக்கலாம், திரவ வடிவிலும் கிடைக்கும். மெதுவாக வெளிவரும் வகையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பொடித்தால் இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டியது ஒரே நேரத்தில் வந்துவிடும்.

விழுங்கச் சிரமப்படும் குழந்தைகளை மனதில் வைத்தே 3 மி.மீ. அளவுள்ள சிறு மாத்திரை ஒன்று இருக்கிறது. ஸ்லெனிட்டோ என்ற அந்த மருந்துக்கு, படுக்கைப் பழக்கங்களைச் சீராக்கியும் பலன் இல்லாத 2 முதல் 18 வயது வரையிலான ஆட்டிசம் உள்ளவர்களுக்காக, ஐரோப்பாவில் 2018-இல் ஒப்புதல் கிடைத்தது. தயிரிலோ ஐஸ்கிரீமிலோ வைத்து அப்படியே விழுங்க வைக்கலாம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இது வேண்டாம்.

சீக்கிரம் தூங்கிவிடுகிறாள், ஆனால் இரண்டு மணிக்கு எழுந்து விளையாடுகிறாள். அப்போது இன்னொரு டோஸ் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சாதாரண மெலடோனின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதனால் இரண்டு மணிக்கு அதன் வேலை முடிந்துவிட்டிருக்கும் என்பது உண்மைதான். அதற்காக நடுராத்திரியில் மறுபடி கொடுத்தால் காலையில் மந்தமாக இருப்பாள், உடம்பின் கடிகாரமும் தடம் மாறலாம். மெதுவாக வெளிவரும் வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். எல்லோருக்குமே இரவில் சில முறை தூக்கம் மேலோட்டமாகும், திரும்பத் தூங்கிவிடுவோம். தூங்கும்போது பக்கத்தில் நீங்கள் இருந்து, பாட்டு ஓடி, விளக்கும் எரிந்திருந்தால், இரண்டு மணிக்குக் கண் திறக்கும்போதும் அவள் அதையெல்லாம் தேடுவாள். எப்படித் தூங்கினாளோ அதே நிலை இரவு முழுக்க இருக்க வேண்டும். பாட்டு வேண்டுமென்றால் விடியும் வரை ஓடட்டும், இல்லையென்றால் தூங்கும் முன்பே நின்றுவிடட்டும். எழுந்தால் அதிகம் பேசாமல், பெரிய விளக்கைப் போடாமல் திரும்பப் படுக்க வையுங்கள்.

பக்க விளைவு ஒன்றும் கிடையாது, இயற்கையானது என்கிறார்களே?

உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் பொருள் என்பதால் எந்த அளவிலும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. காலையில் தூக்கக் கலக்கம், தலைவலி, எரிச்சல், வயிற்றுக் கோளாறு, தெளிவான கனவுகள், சிலருக்குப் படுக்கையில் சிறுநீர் போவது ஆகியவை வரலாம். பெரும்பாலும் லேசானவை, அளவைக் குறைத்தால் சரியாகும். பள்ளியில் பத்து மணிக்குத் தலை சாய்த்துக்கொள்கிறான் என்று ஆசிரியர் சொன்னால், அளவு கூடுதல் என்று சந்தேகப்படுங்கள்.

வயதுக்கு வருவது தள்ளிப்போகும் என்று கேள்விப்பட்டேன். பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் ஆதாரமே இல்லாமல் வந்ததில்லை. பருவகாலம் பார்த்து இனப்பெருக்கம் செய்யும் விலங்குகளில் அந்தச் சுழற்சியை மெலடோனின்தான் நடத்துகிறது. மனிதக் குழந்தைகளிலும் பருவமடையும் காலத்தில் இதன் அளவு இறங்குகிறது. அதனால்தான் 2017 ஆய்வில் இருந்த குழந்தைகளில் பலரை இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். உயரத்திலோ எடையிலோ பருவ வளர்ச்சியிலோ பாதிப்பு தெரியவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தவர்களைப் பற்றிய தகவல் இன்னும் போதாது. ஆகவே நீண்ட நாள் கொடுப்பவர்கள் உயரம், எடை, பருவ வளர்ச்சி மூன்றையும் மருத்துவர் அவ்வப்போது பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை ஆரம்பித்தால் விடவே முடியாதாமே?

போதைப் பழக்கம் போல உடம்பு இதைப் பிடித்துக்கொள்வதில்லை. நிறுத்தினால் பழைய தூக்கச் சிக்கல் திரும்பக்கூடும், அதைப் பார்த்துத்தான் ‘பழகிவிட்டது’ என்கிறார்கள். தொடங்கி மூன்று மாதத்தில் பலனை எடைபோட வேண்டும், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். பலன் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இன்னும் தேவையா என்று மருத்துவரோடு பேச வேண்டும். தேர்வு, வீடு மாறுவது போன்ற குழப்பமான நாட்களில் நிறுத்திப் பார்க்காதீர்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறந்ததாகவே இருக்கட்டும், மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

முதல் மாதம் அற்புதமாக வேலை செய்தது. இப்போது சுத்தமாக இல்லை. டோஸைக் கூட்டலாமா?

கூட்டுவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி, ஆனால் சில குழந்தைகளுக்குக் குறைப்பதுதான் சரி. மெலடோனினைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி1ஏ2 என்ற நொதி. அது மெதுவாக வேலை செய்யும் குழந்தைகளில் மருந்து முழுதாக வெளியேறாமல் தேங்கி, பகலிலும் அளவு உயர்ந்தே இருக்கும். அப்போது இரவுக்கும் பகலுக்கும் வேறுபாடே உடம்புக்குத் தெரியாமல் போகிறது. அப்படிச் சந்தேகம் வந்தால் மருத்துவர் சில நாட்கள் நிறுத்தி, முன்பைவிடக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கிப் பார்ப்பார்.

அதற்கு முன், இந்த ஒரு மாதத்தில் வேறு என்ன மாறியது என்றும் யோசியுங்கள். புது மருந்து, புதுப் பள்ளி, திரும்பி வந்த மலச்சிக்கல் எதுவாகவும் இருக்கலாம்.

வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறான். கூடவே கொடுக்கலாமா?

ஆட்டிசத்தோடு வலிப்பும் இருப்பது அரிதல்ல, அத்தகைய குழந்தைகள் பலர் மெலடோனின் எடுக்கிறார்கள். ஆனாலும் நரம்பியல் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கவே கூடாது. கார்பமாசெபின் மெலடோனினை வேகமாக உடைத்துப் பலனைக் குறைக்கலாம். நேர்மாறாக, பதற்றத்துக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் (ஓசிடி) கொடுக்கும் ஃப்ளுவாக்சமின் இரத்தத்தில் மெலடோனின் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும், அந்த இரண்டையும் சேர்க்கக் கூடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போவதுதான் நல்லது.

மிட்டாய் மாதிரி மென்று சாப்பிடும் மெலடோனின் ‘கம்மி’ (gummy) கிடைக்கிறதே, அதை அவள் ஆசையாகச் சாப்பிடுகிறாள்.

அந்த ஆசைதான் கவலை தருகிறது. பிரிட்டனில் மெலடோனின் வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும். அமெரிக்காவில் இது உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் யாருக்கும் கிடைக்கிறது, மருந்துக்குரிய கட்டுப்பாடு கிடையாது. 2023-இல் அங்கே விற்ற 25 கம்மி வகைகளைச் சோதித்தபோது 22-இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை, இன்னொரு பக்கம் சொன்னதைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்த வகையும் உண்டு. 2017-இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்ததில் எட்டில் செரட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருள் கலந்திருந்தது. 1 மி.கி. கொடுக்கிறோம் என்று நினைத்து 3 மி.கி. கொடுத்துக்கொண்டிருந்தால், மேலே சொன்ன அளவுக் கணக்குக்கெல்லாம் பொருளே இல்லை. மருந்துத் தரத்தில் தயாரான மாத்திரையோ திரவமோ கிடைத்தால் அதையே கேளுங்கள்.

தவறிப்போய் நிறையச் சாப்பிட்டுவிட்டால்?

உடனே மருத்துவமனையையோ நச்சு உதவி மையத்தையோ அழையுங்கள், டப்பாவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தூக்கக் கலக்கத்தோடு போய்விடும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவில் குழந்தைகள் மெலடோனின் விழுங்கியதாக நச்சு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2012-இல் 8,337, 2021-இல் 52,563. மற்ற மருந்துகளைப் போலவே இதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

கனமான போர்வை வாங்கினால் மருந்தே வேண்டாம் என்கிறார்களே?

2014-இல் வெளியான ஒரு ஆய்வில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கனமான போர்வையும் சாதாரணப் போர்வையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் வேறுபாடு இல்லை, ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் கனமான போர்வை பிடித்திருந்தது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். தானே விலக்கிக்கொள்ளத் தெரியாத குழந்தைக்குப் போர்த்தாதீர்கள்.

தூங்கினால் ஆட்டிசம் குறையுமா?

குறையாது. தூக்கம் நிறைந்த குழந்தைக்கு மறுநாள் எரிச்சல் குறையும், அடம் குறையும், பயிற்சியில் மனம் நிற்கும். 2017 ஆய்வின் குழந்தைகளிலும் அடிப்பது, கத்துவது போன்றவை குறைந்ததைப் பார்த்தார்கள். அதை ‘ஆட்டிசம் குணமாகிறது’ என்று விற்பவர்களிடமிருந்து விலகி இருங்கள்.

அவன் சந்தோஷமாகத்தான் விழித்திருக்கிறான். தூக்கம் கெடுவது எனக்குத்தான். என் வசதிக்காகக் குழந்தைக்கு மருந்து கொடுக்கிறேனோ?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கி, கடைசியில்தான் கேட்பார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. சிரித்துக்கொண்டே விழித்திருந்தாலும் அந்தத் தேவை போய்விடாது. மறுநாள் அவன் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். ஏழு மணி நேரம் தூங்கிப் பகல் முழுக்கத் தெளிவாக இருக்கிறான் என்றால் அவன் தேவை கொஞ்சம் குறைவாக இருக்கலாம், மருந்துக்கு அவசரம் இல்லை.

உங்கள் தூக்கமும் கணக்கில் வர வேண்டியதுதான். நீங்கள் விழுந்துவிட்டால் அவனை யார் பார்ப்பார்கள்? பல மாதம் தூங்காத ஒருவர் வண்டி ஓட்டுகிறார், அடுப்பு மூட்டுகிறார், கோபத்தை அடக்கப் பாடுபடுகிறார். இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 2017 ஆய்வில் பெற்றோரின் நலனையும் தனியாக அளந்தார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போகணும்?

இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு. படுத்த நேரம், தூங்கிய நேரம், இரவில் எழுந்த நேரங்கள், காலையில் எழுந்த நேரம், பகல் தூக்கம், சாப்பிட்ட மருந்துகள். அழகாக எழுத வேண்டாம், காலண்டர் தாளில் கிறுக்கினாலும் போதும். தூங்கத் தொடங்குவதில் சிக்கலா, தொடர்ந்து தூங்குவதிலா, விடியும் முன் எழுவதிலா என்று அதைப் பார்த்தாலே மருத்துவருக்குப் புரிந்துவிடும். குறட்டையோ காலை உதைப்பதோ இருந்தால் மொபைலில் ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போங்கள். மெலடோனின் தொடங்கிய பிறகும் அதே குறிப்பை எழுதிக்கொண்டே வாருங்கள், மூன்று மாதம் கழித்து பலன் இருந்ததா என்று கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் ஏதாவது வேண்டுமே.